வெளியே மட்டும் எரியாத அடுப்பு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முகாமிலிருந்து ஏரிக்குக் குளிக்கப் போன ஊரார் பிள்ளைகள் திரும்பி வந்து, சாப்பிட்டு, படுக்கவும் போய்விட்டார்கள். என் சாசேஜ் மட்டும் கிரில்லில் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. பீரிலும் வெங்காயத்திலும் வேகவைத்துத்தான் போட்டேன், அதனால் பச்சை இல்லை. ஆனால் நிறம் ஏறவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பாதி ஆயுளைக் கழித்தவள் நான். இப்படி ஒரு சாசேஜை எந்தப் பிள்ளையின் தட்டிலும் வைத்ததில்லை.

நேற்று வரைக்கும் இதே கிரில் நன்றாக எரிந்தது. குட்டிப் பச்சை சிலிண்டரில் எரிந்தது. அது இரண்டு சமையலுக்குள் தீர்ந்துவிடுகிறது, காலியானதைப் போடவும் இடமில்லை. இதெல்லாம் எதற்கு என்று என் புருஷன் டெல் ஒரு நீள டியூப் வாங்கி வந்தான். நாங்கள் குடியிருக்கும் டிரெய்லரின் மூக்கில் இரண்டு பெரிய சிலிண்டர் இருக்கிறது. அதிலிருந்து வண்டிக்கு அடியில் ஓடும் குழாய் பக்கவாட்டில் ஒரு வாயில் வந்து முடிகிறது. கிரில்லை அங்கே சொருகிவிட்டால் காலத்துக்கும் கவலையில்லை என்றான். சொருகினான். தீ மெழுகுவர்த்தி அளவுக்கு வந்து நின்றுவிட்டது.

டெல் அதையே சாப்பிட்டான். மிளகாய் சாஸை மட்டும் குளிப்பாட்டுகிற மாதிரி ஊற்றிக்கொண்டான்.

ஆகஸ்ட் 13

இன்றும் அப்படித்தான். உள்ளே இருக்கும் அடுப்பு பிரமாதமாக எரிகிறது. அதே சிலிண்டர், அதே கேஸ். வெளியே வந்ததும் சாகிறது. ஏன்?

ஆகஸ்ட் 15, வெள்ளி

இந்த முகாமில் ஒரு பழக்கம். யாராவது கிரில் முன்னால் குனிந்து நின்றால் போதும், நடைக்குப் போகிறவர்கள் எல்லாம் பீர் டப்பாவோடு நின்றுவிடுவார்கள். கேட்கவே வேண்டாம், வைத்தியம் சொல்வார்கள்.

எதிர்ப்பக்கம் பஸ் அளவு வண்டியில் இருக்கும் லைல்தான் முதலில் வந்தார். பார்க்கிறவர்களை எல்லாம் தலைவரே என்பார்.

"தலைவரே, சிலிண்டர் காலி. தூக்கிப் பாருங்க."

டெல் தூக்கிப் பார்த்தான். நிறைந்திருந்தது. அப்படியானால் காற்று என்றார் லைல். காற்றே இல்லை. அப்படியானால் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கும் என்றார். டெல் எல்லாவற்றையும் கழற்றிக் கம்பி விட்டுக் குத்தினான். சிலந்தி இல்லை. அதற்குள் இன்னொருவர் வந்து டியூப் நீளம் ஜாஸ்தி என்றார், அவர் மனைவி டியூப் நீளத்துக்கும் தீக்கும் சம்பந்தமே இல்லை என்றாள். இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே போய்விட்டார்கள். எனக்குத் தலை சுற்றியது. இருக்கிற குழப்பம் போதாதென்று ஊர்க் குழப்பமும் சேர்ந்துகொண்டது.

இரவுக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மகள் கரின் போன் செய்தாள். கிரீன் பேயில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குடியிருப்பில் இடம் காலியாகிறதாம். "அம்மா, நீங்க ரெண்டு பேரும் எத்தன நாளைக்கு அந்தத் தகர டப்பாவுல இருக்கப் போறீங்க?" எனக்கே தெரியாததை அவளிடம் என்ன சொல்வது?

ஏப்ரலில் வீட்டை விற்றோம். டிரெய்லர் ஆசை டெல்லுடையது. ஆயுசு முழுக்க பால் லாரி ஓட்டியவன், நிற்காமல் போய்க்கொண்டே இருந்தவன், இப்போதுதான் இஷ்டப்பட்ட இடத்தில் நிற்கலாம் என்றான். நான் பாதி மனசோடுதான் வந்தேன். முதல் பனி விழும் வரைக்கும் பார்ப்போம், எனக்குப் பிடிக்காவிட்டால் கிரீன் பே போய்விடுவோம் என்று பேச்சு. முடிவு என் கையில். பெருந்தன்மையாகத்தான் கொடுத்தான்.

கொடுத்துவிட்டு என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். சாப்பாட்டை முன்னால் வைத்தால் வாயில் வைத்துப் பார்க்கும் முன்பே சாஸ் பாட்டிலுக்குக் கை போகிறது. காலையில் முட்டைக்குக்கூட. முன்பெல்லாம் வாசலில் காலை வைக்கும்போதே இன்றைக்கு என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லிவிடுவான். மாதக்கணக்காக ஒரு வார்த்தை இல்லை.

வந்ததற்கு வருத்தப்படுகிறானோ? டிரெய்லருக்கா, என்னோடு வந்ததற்கா?

ஆகஸ்ட் 19

பால் திரிந்துவிட்டது. மூடியைத் திறந்ததுமே குமட்டியது. டெல் அதற்கு முன்பே ஒரு தம்ளர் ஊற்றிக் குடித்திருக்கிறான். மேசையில் தம்ளர் இருந்தது, அடியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு.

பால் லாரி ஓட்டியவன்! கெட்ட பாலை ஒரு மைல் தொலைவில் கண்டுபிடிப்பான்.

ஏன் குடித்தாய் என்று கேட்டேன். "குடிச்சா என்ன?" என்றான். என்னைக் குத்திக்காட்டுகிறானா? நீ வைத்ததைக் கேள்வி கேட்காமல் குடிக்கிறேன் பார் என்கிறானா? நாற்பது வருஷம் கூட இருந்தும் இந்த மனுஷன் முகத்தில் எதைப் படிப்பது என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 20

கிரில் இன்றும் எரியவில்லை. நாங்களும் பேசவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் வறுவல்தான், அதைச் சாப்பிட ஏரிக்கரை பாருக்குப் போனோம். டெல்லுக்கு உயிர். எங்கள் கல்யாண விருந்தே அதுதான். இன்று பாதி மீனைத் தட்டில் விட்டுவிட்டான். நல்லாயில்லையா என்றேன். "நல்லாத்தான் இருக்கு." அப்புறம் ஏன் விட்டாய்? "வயித்துல இடமில்ல." வரும் வழியில் பெட்ரோல் பங்கில் இறங்கி ஒரு பொட்டலம் கார வறுவல் வாங்கித் தின்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முகாமில் எல்லோருக்கும் பொதுவான குளியலறை ஒன்று இருக்கிறது. அங்கே போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். டிரெய்லரில் அழ இடம் கிடையாது. அழுதால் முழு வண்டியும் குலுங்கும்.

கரினிடம் சரி என்று சொல்லிவிடலாமா?

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அதிசயம், கிரில் மர்மம் உடைந்தது. உடைத்தது ஆர்டித். பக்கத்து இடத்தில் குட்டி நாயோடு தனியாக இருக்கிறாளே, அவள். எல்லோரும் வைத்தியம் சொல்லும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "லைல் பேசி முடிக்கட்டும்னு காத்துட்டிருந்தேன் கண்ணு, அதுக்கே பத்து நாள் ஆச்சு" என்றாள்.

அவளும் இதே முட்டாள்தனத்தைச் செய்தவள்தானாம். போன வருஷம் அரைவேக்காட்டுக் கோழியைத் தின்று இரண்டு நாள் படுத்தாளாம். சங்கதி இதுதான். பெரிய சிலிண்டரின் தலையில் ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. கேஸின் வேகத்தை அங்கேயே அடக்கித்தான் வண்டிக்குள் அனுப்புகிறது. பக்கவாட்டு வாயில் வருவது ஏற்கெனவே அடங்கிய கேஸ். கிரில்லோ குட்டி சிலிண்டருக்காகச் செய்தது. அதன் கழுத்திலும் ஒரு சின்ன ரெகுலேட்டர். அடங்கி வந்ததைப் பிடித்து இதுவும் அடக்குகிறது. அப்புறம் எங்கே தீ?

சிரித்துவிட்டேன். இவ்வளவுதானா?

இரண்டு வழி இருக்கிறதாம். கிரில்லின் கழுத்தில் இருக்கிற சின்னதைக் கழற்றிவிட்டு வேறு இணைப்பு போடுவது. இல்லை, பெரிய ரெகுலேட்டருக்கு முன்னாலேயே, சிலிண்டரின் தலையிலிருந்து நேராக ஒரு டியூப் இழுப்பது. அவள் இரண்டாவதைக் கடைக்காரனை வைத்துச் செய்துகொண்டாளாம். நாங்களும் அப்படியே செய்யவேண்டும் என்று மூன்று தரம் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு முகாமில் எல்லோரும் ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து ஒன்றாகச் சாப்பிடும் நாள். எல்லோருக்கும் சாசேஜ் சுட்டுத் தருகிறேன் என்று டெல் போன மாதமே வாக்கு கொடுத்திருக்கிறான். கரினும் வருகிறாள்.

ஆகஸ்ட் 25

டெல் கடைக்குப் போக மாட்டானாம். "ஒரு நட்டக் கழட்ட இன்னொருத்தன் எதுக்கு?" சின்ன ரெகுலேட்டரை அவனே கழற்றப் போகிறான். நான் வாதாடவில்லை. ஏதோ ஒன்றில் அவனுக்கு உற்சாகம் வந்ததே என்றிருந்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

எழுத்து கோணிக்கொண்டு போகிறது, போகட்டும்.

துணி துவைக்கும் அறையிலிருந்து கூடையோடு வந்துகொண்டிருந்தேன். ஆர்டித்தின் டிரெய்லரைத் தாண்டும்போதே வாடை. அழுகின முட்டை மாதிரி — கேஸ். அவள் நாய்கூட மூக்கைத் தூக்கிக் குரைக்கிறது. யார் வண்டியில் என்று பார்த்துக்கொண்டே வருகிறேன், வர வர வாடை ஏறுகிறது. எங்கள் வண்டி.

டெல் கிரில் முன்னால் மண்டியிட்டிருக்கிறான். முகம் அந்த இணைப்புக்கு மேலேயே, ஒரு சாண்கூட இல்லை. கையில் நீள லைட்டர்.

"டெல்! கையில இருக்கறதக் கீழ போடு!"

திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு அப்படியே இருக்கிறான். லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன இவள் கத்துகிறாள் என்று. நான் கூடையை வீசிவிட்டு வண்டியின் மூக்குக்கு ஓடி இரண்டு சிலிண்டரையும் மூடினேன். திருகு எந்தப் பக்கம் என்றுகூட ஒரு நொடி மறந்துவிட்டது. திரும்பி வந்து அவன் கையிலிருந்து லைட்டரைப் பிடுங்கினேன்.

"உனக்கு வாடை அடிக்கலையா?"

அவன் கிரில்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பயந்ததனால் மட்டும் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவன் முகம் அது.

"எவ்வளவு அடிக்குது?" என்று கேட்டான்.

எவ்வளவு அடிக்கிறதாம்! பக்கத்து வண்டி நாய்கூடக் குரைக்கிறது!

ஈரத்துணி எல்லாம் மண்ணில். ஆர்டித்தான் பொறுக்கித் தந்தாள்.

ஆகஸ்ட் 27, புதன்

சொன்னான். காலையில், நான் காப்பி ஊற்றும்போது, என் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எனக்கு எந்த வாசமும் தெரியல மார்லிஸ். பிப்ரவரிலேருந்து."

பிப்ரவரியில் அவனுக்குப் பத்து நாள் காய்ச்சல். காய்ச்சல் போனதும் மூக்கும் கூடவே போய்விட்டதாம். திரும்பி வரும் என்று காத்திருந்தானாம். வரவில்லை. நாக்கில் உப்பு தெரிகிறது, இனிப்பு தெரிகிறது, காரம் எரிகிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் அட்டையை மெல்லுகிற மாதிரி.

பால். மீன். சாஸ். நான் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நின்றேன், காப்பி கோப்பை நிரம்பி மேசையில் வழிந்தது.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ வீட்ட விக்க விட்டிருப்பியா? கேஸ் வாடைகூடத் தெரியாதவன நம்பி கேஸ் வண்டில ஏறியிருப்பியா?"

மாட்டேன்தான். ஏறியிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"அப்ப நான் சமைச்சது?"

"எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நல்லாருக்குன்னு பொய் சொன்னா நீ கண்டுபிடிச்சிருவ. அதான் பேசாம இருந்தேன்."

நான் அப்படியே வெளியே போய்விட்டேன். ஏரியைச் சுற்றி நடந்தேன். பாதிச் சுற்று வரைக்கும் அவனைக் கொல்லவேண்டும் போலிருந்தது. மீதிப் பாதியில் — எழுதவே வெட்கமாக இருக்கிறது — சந்தோஷமாக இருந்தது. என்மேல் வெறுப்பு இல்லை! என் சமையல்மேல் வெறுப்பு இல்லை! புருஷன் நெருப்பில் போக இருந்த மறுநாள் ஒருத்திக்கு இதற்கா சந்தோஷம் வரும்? எனக்கு வந்தது. திரும்பி வண்டிக்கு வரும்போது மறுபடி கோபம்.

ஆகஸ்ட் 28

இன்று முழுக்கக் கரினின் நம்பரைத் திறந்து திறந்து மூடினேன். சொன்னால் அவள் இன்றைக்கே கிளம்பி வந்து எங்களை மூட்டை கட்டிவிடுவாள். அவள் செய்வதில் தப்பும் இல்லை. இவன் லைட்டரை அழுத்தியிருந்தால்? நான் துணி காயும் வரைக்கும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தால்?

மாலையில் டெல் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தான். "கிரீன் பே போலாம். பனிக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." ஸ்பேனரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னான். அவன் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

இதற்குத்தானே காத்திருந்தேன்? சரி என்று சொல்லவேண்டியதுதானே? ஆனால் குடியிருப்பில் போய் உட்கார்ந்தால் மட்டும் இவன் மூக்கு வந்துவிடுமா? அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு அட்டையை மெல்லுவான். இங்கே ஏரியைப் பார்த்துக்கொண்டாவது மெல்லுகிறான்.

ஞாயிற்றுக்கிழமை போகட்டும் என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

ஊருக்குள் டிரெய்லர் சாமான் விற்கும் கடைக்குக் கிரில்லைத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரன் அதன் கழுத்தைப் பார்த்துவிட்டு, "யாரு இதக் கழட்டினது?" என்றான். டெல் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு.

கழற்றினது சேதமாகிவிட்டதாம், புதிதாகவே சின்ன ரெகுலேட்டர் போட்டான். பிறகு வெளியே நின்ற, டிரெய்லரை இழுக்கும் எங்கள் டிரக்கிலிருந்து நாங்கள் கொண்டுபோன சிலிண்டரை இறக்கி, அதன் தலையில் பெரிய ரெகுலேட்டருக்கு முன்னாலேயே ஒரு கிளை வைத்து, கிரில்லுக்குத் தனி டியூப் கொடுத்தான். ஒரு வழிக்கு ஒரே ரெகுலேட்டர். பக்கவாட்டு வாயைத் தொடவே வேண்டாம் என்றான். மாட்டிக் காட்டச் சொன்னேன். அவிழ்த்துவிட்டு நானும் ஒரு தரம் மாட்டிப் பார்த்தேன். டெல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கசிவைக் கண்டால் கத்துகிற பெட்டி ஒன்றும் வாங்கினோம், வண்டிக்குள் இருப்பது பழசு. ஆனால் வெளியில் காற்றடிக்கும் இடத்தில் பெட்டியை நம்பாதீர்கள், சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், நுரை வந்தால் கசிவு என்றான் கடைக்காரன்.

"மூக்கு?" என்று டெல் கேட்டான்.

"மூக்கு ரொம்ப நல்லது," என்றான் அவன், ஒன்றும் தெரியாமல்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எரிந்தது. நீலமாக, சீறிக்கொண்டு, வரிசை முழுக்க ஒரே மட்டமாக எரிந்தது. லைல் கைதட்டினார். நான் அன்றைக்கே சிலிண்டர்தான் என்று சொன்னேனே தலைவரே என்றார். ஆர்டித் என் காதில் ஏதோ சொன்னாள், அதை எழுதமாட்டேன்.

பற்றவைக்கும் முன் டெல் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினான். அப்புறம் ஒதுங்கி நின்றான். நான் குனிந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்துத் தலையாட்டினேன். அதற்கப்புறம்தான் லைட்டர். யாரும் கேட்கவில்லை. கரின் மட்டும் கவனித்தாள்.

"அப்பாவுக்கு என்னம்மா?"

நான் சொல்ல வாயெடுத்தேன். டெல் முந்திக்கொண்டான். இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டே, எல்லார் முன்னாலும் சொன்னான். மூக்கு போய்விட்டது, அம்மாதான் மூக்கு என்று. கரின் என்னைப் பார்த்தாள். பிறகு பேசுகிறேன் என்றேன்.

சாசேஜ் எல்லாம் பழுப்பேறி, தோல் வெடித்து, கொழுப்பு வழிந்தது. சிலது கருகியும் போனது, இத்தனை தீ எங்களுக்குப் பழக்கமில்லை. டெல் ஒன்றைக் கடித்தான். சாஸ் பாட்டில் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. மென்றுகொண்டே என் பக்கம் சாய்ந்தான்.

"எப்படி இருக்கு? சொல்லேன்."

வெங்காயம் என்றேன். முதலில் வெங்காயம். அப்புறம் பீரின் கசப்பு கொஞ்சம். ஓரத்தில் கருகினது, ஆனால் கெட்ட கருகல் இல்லை, நம் வீட்டுப் பின்பக்கம் இலை எரிப்பாயே, அந்த மாதிரி. அவன் கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

செப்டம்பர் 9

கரினோடு போனில் பேசினேன். பாதி கத்தினாள், பாதி அழுதாள். நியாயம்தான்.

செப்டம்பர் 20

காலையில் மழை. ஏரி எப்படி மணக்கிறது என்று டெல் கேட்டான். நனைந்த நாய் என்றேன். "ஆர்டித்தோட நாயா, பொதுவா நாயா?" என்கிறான். தினமும் இதே வேலை. பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சமைத்தபோதுகூட யாரும் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

முதல் பனி. தரையில் நிற்கவில்லை, மேசைமேல் மட்டும் மெல்லிசாகப் படிந்திருந்தது. குளிர்காலத்துக்காக முகாமை மூட, நாளைக்குத் தண்ணீரை நிறுத்துகிறார்கள். லைல் போய்விட்டார். ஆர்டித் டெக்சாஸ் கடற்கரைக்குக் கிளம்புகிறாள், அங்கே அவளுக்குப் பக்கத்து இடம் இரண்டு வாரம்தான் காலியாக இருக்கும் என்று நேற்று இரண்டு தரம் சொல்லிவிட்டாள்.

கரின் காலையிலேயே கூப்பிட்டாள். "பனி விழுந்துடுச்சே, எப்ப வரீங்க?" என்றாள். டெல் வெளியே டிரெய்லரின் மூக்கில் நின்றுகொண்டிருந்தான். ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தைகூட அவனுக்குக் கேட்டிருக்காது, ஆனால் எந்த போன் என்று அவனுக்குத் தெரியும்.

குளிருக்கு டெக்சாஸ் போகிறோம், வசந்தத்தில் வருகிறோம் என்றேன்.

போனை வைத்துவிட்டு வெளியே போனேன். டெல் கிரில்லில் டியூபை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, ஒதுங்கி நின்றான். நான் குனிந்து மோந்து பார்த்தேன்.

"கேஸ் இல்ல," என்றேன்.

"அப்ப என்ன இருக்கு?"

பனி, பைன் மரம், உன் பழைய கோட்டு என்றேன். பற்றவைத்தான்.